எட்டாயிரத்துக்கு ஒரு பறவைக் கேமரா

“வருஷத்துக்கு ஒரு நாள்தான் வரும் தம்பி. அந்த நாள் நாளைக்கு. அதனாலதான் இன்னிக்கே கேமரா வேணுங்கறேன்.”

கேம்ப் ரோட்டில் சுகுமாரின் கேமரா கடை. சேலையூர் காந்திமதி உள்ளே வந்து ஒரு மணி நேரம் ஆகிறது. பறவையை வீடியோ எடுக்க வேண்டும், கையில் எட்டாயிரம்தான் இருக்கிறது என்று வந்ததுமே சொல்லிவிட்டார். அந்த விலைக்குள் பறவை சிக்க மறுக்கிறது.

சைபீரியாவிலிருந்து வருகிற ஏதோ அபூர்வப் பறவை என்று சுகுமார் முடிவே கட்டிவிட்டான். முப்பத்தெட்டாயிரம் ரூபாய் கேமரா ஒன்றைப் பயபக்தியோடு எடுத்து வைத்தான். “அறுபது மடங்கு ஜூம்க்கா. பள்ளிக்கரணை ஏரில பறவையப் படம் புடிக்கறவங்கல்லாம் இத்ததான் வெச்சினுகீறாங்க.”

“எட்டாயிரம்னு சொன்னேனே!” காந்திமதிக்கு எரிச்சலாக வந்தது.

அடுத்து வந்தது ஹெல்மெட்டில் மாட்டுகிற தீப்பெட்டி அளவுக் கேமரா. விலை சரி, ஜூம் கிடையாது. “பக்கத்துல கொண்டுபோய் வெச்சுடுங்கக்கா.”

“புதுசா எதை வெச்சாலும் கிட்டவே வராது. போன வருஷம் மொட்டை மாடியில போனை வெச்சேன், தண்ணி டேங்க் மேலயே உக்காந்திருந்துச்சு. அப்புறம் போனை எடுத்துக்கிட்டு மாடிப்படிக்கு வந்து நின்னு எடுத்தேன். வந்துச்சு, ஆனா வெறும் புள்ளியாத்தான் விழுந்துது.”

அந்தப் புள்ளியைத்தான் கனடாவில் இருக்கும் அண்ணன் லோகநாதனுக்கு அனுப்பியிருக்கிறார். “பிளாஸ்டிக் கவர் பறக்கறதைக் காட்டி ஏமாத்தறியா?” என்று கேட்டவர்தான், ஒரு வருஷமாகத் தங்கையிடம் பேச்சே இல்லை. இதைச் சொல்லும்போது காந்திமதிக்குக் குரல் உடைந்துவிட்டது.

“நாளைக்கும் தெளிவா விழலைன்னா எங்களுக்குள்ள ஒட்டு உறவே அத்துப் போயிடும் தம்பி.”

பறவைப் பைத்தியம் குடும்பத்துக்கே பிடித்திருக்கிறது போலிருக்கிறது என்று சுகுமார் நினைத்துக்கொண்டான். கடைசி முயற்சியாக அடித்தட்டிலிருந்து ஒரு பழைய ஹேண்டிகேமை எடுத்துத் தூசி தட்டினான். கல்யாண வீடியோக்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போனது. முப்பது மடங்கு ஜூம், ஏழாயிரத்து ஐந்நூறு.

காந்திமதி அதை வாசலுக்கு எடுத்துப் போய் எதிர் மாடியைப் பார்த்தார். கொடியில் காய்ந்த சட்டையின் பட்டன்கூடத் தெரிந்தது. வந்ததிலிருந்து இப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பு.

“அலகுல கவ்வறது நல்லாத் தெரியுமா?”

“மீனைக் கவ்வினா செதிலே தெரியும்க்கா.”

“சேச்சே, மீனெல்லாம் கிடையாது. நாளைக்குச் சுத்த சைவம்.”

சுகுமாருக்குப் பொறுமை போய்விட்டது. “அப்படி இன்னா பறவைதான்க்கா அது?”

“காக்கா.”

“காக்காவா?” ஒரு மணி நேரம் வீணாய்ப் போன கோபம் சுகுமாருக்கு. “தெனம் ஆயிரம் காக்கா வருதேக்கா! அதுல ஒண்ண எடுத்து அனுப்பினா ஆவாதா?”

காந்திமதி கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“நாளைக்கு வர்றது எங்கப்பா, தம்பி.”