அதிர்வில்லாமல் ஓட்டவும்

ரோலரை நிறுத்தியதும் முதலில் தெரிந்தது முதுகுவலிதான்.

பெர்சிதா அத்தை இன்று காப்பி கொண்டுவரவில்லை. பிளம் மரத்தடியில் வீட்டுச் சாமான்களைப் பரப்பி வைத்துக்கொண்டு நின்றாள். கண்ணாடித் தம்ளர்கள், தட்டுகள், சுவர்க்கடிகாரம், சுருட்டிய கம்பளம். தனியாக ஒரு நாற்காலியில் அவர்கள் வீட்டுக் குலசாமி புனித லூக்காவின் படம்.

செர்பியாவில் எங்கள் பக்கம் குலசாமி படத்தைச் சுவரிலிருந்து யாரும் சும்மா இறக்க மாட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது.

இவ்வளவு பாடுபட்ட பிறகும் என்மேல் நம்பிக்கை இல்லையா?

நெடுஞ்சாலைக்கு மண் போட்டு இறுக்குவது என் வேலை. மற்ற இடமென்றால் முழ உயரத்துக்குச் சரளையைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, ரோலரில் அதிர்வைப் போட்டு ஓட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். பூமி கிடுகிடுவென்று ஆடும், மண் தானாகக் கெட்டிப்படும்.

இந்த வீட்டருகே மட்டும் அதிர்வு கூடாது, சுவர் விரிந்துவிடும் என்று இன்ஜினியர் உத்தரவு. அதனால் சாண் உயரமாகக் கொட்டி, வெறும் எடையாலேயே நசுக்க வேண்டியிருந்தது. போனேன், வந்தேன். போனேன், வந்தேன். இந்தத் துண்டு ரோட்டில் என் இடுப்பே கழன்றுவிட்டது.

வீடு லேசுப்பட்டதல்ல. மூன்று மாடி, வாசலில் இரண்டு சிமெண்ட் சிங்கங்கள். வியன்னாவில் கொத்து வேலை பார்த்த அத்தையின் கணவர், சம்பாதித்ததையெல்லாம் கொட்டிக் கட்டியது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் வியன்னாவை விட்டு வருவதாக இல்லை. அத்தனை அறையிலும் அத்தை ஒருத்திதான்.

ரோட்டுக்கு நிலம் எடுத்தபோது அந்தத் தெருவையே எடுத்தார்கள். நிலம் எடுப்பதற்கு அளந்த கோடு அத்தையின் வேலியோடு நின்றுவிட்டது. கொடுத்துவைத்தவள், வீடு தப்பித்துவிட்டது என்று எங்கள் போர்மேன் சொன்னான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சுவரில் இன்ஜினியர் ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டியிருந்தார். சுவர் அசைந்தால் அது உடையும். உடைந்தால் கம்பெனி பதில் சொல்ல வேண்டும். போன வாரம் அது உடைந்து கிடந்தது. இன்ஜினியர் குனிந்து பார்த்து, இது சுத்தியல் அடி என்று சொல்லிவிட்டு வேறொன்றை ஒட்டிவிட்டுப் போனார்.

தெருப்பையன்கள் வேலை என்று நினைத்தேன். தெருவே இல்லாத இடத்தில் பையன்கள் எங்கிருந்து வருவார்கள் என்று இந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை.

"பயப்படாதீங்க அத்தை. நான் ஓட்டுறவரைக்கும் உங்க வீட்டுல ஒரு தம்ளர்கூட ஆடாது."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அதுதான்டா என் தலையெழுத்து! உன்னை யாரு இப்படித் தாலாட்டு மாதிரி ஓட்டச் சொன்னா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ரோலரிலிருந்து இறங்கினேன்.

"தெருவையே வாங்கிக்கிட்டீங்க. பக்கத்து வீட்டு ஸ்டானா, எதிர்வீட்டுக்காரி, எல்லாரும் டவுன்ல ஒரே கட்டடத்துல பிளாட் வாங்கிட்டாளுங்க. காலையில ஒண்ணா உக்காந்து காப்பி குடிக்கிறாளுங்க. நான் யாரோட குடிக்கிறது, இந்தச் சிங்கத்தோடயா? தினமும் ரெண்டு கப்பைத் தூக்கிக்கிட்டு இந்தப் புழுதியில உன்னைத் தேடி வந்தேனே, எதுக்குன்னு நினைச்சே?"

நன்றிக்கு என்று நினைத்திருந்தேன். சொல்ல வெட்கமாக இருந்தது.

"சுவர் விரிஞ்சாத்தான் கம்பெனிக்காரங்க இந்த வீட்டை வாங்குவாங்களாம். சுத்தியால அடிச்சுப் பார்த்தேன், அந்த இன்ஜினியர் கண்டுபிடிச்சுட்டான். ராதிவோய், என் ராசா, ஒரே ஒரு தடவை அதிர்வைப் போட்டு ஓட்டு. உள்ள யாரும் இல்ல. பூனையைக்கூடத் தூக்கிட்டு வந்துட்டேன்."

போர்மேன் சாப்பிடப் போயிருந்தான். தெரிந்தால் என் வேலை போய்விடும். ஆனால் முடியாது என்று சொல்வதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே. எனக்கு அது இல்லை.

அத்தையை மரத்துக்கு அந்தப் பக்கம் தள்ளி நிற்கச் சொன்னேன். ஏறி உட்கார்ந்து பொத்தானை அழுத்தினேன்.

பூமி உறுமியது. மரத்தடியில் தம்ளர்கள் கலகலத்தன, ஒரு தட்டு விழுந்து உடைந்தது. ஒரு சிங்கத்தின் காது உதிர்ந்தது. ஒரு தடவை போய், அவள் கேட்காமலே இன்னொரு தடவை திரும்பியும் வந்தேன்.

அணைத்தேன்.

அத்தை சுவரைத் தடவிக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தாள். நானும் பின்னால் போனேன். கண்ணாடித் துண்டு முழுசாக இருந்தது. பூச்சில்கூட ஒரு கோடு விழவில்லை.

அவள் வாசல்படியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"லீவுல ஊருக்கு வந்தா மத்த ஆம்பளைங்க கல்யாணம், விருந்துன்னு சுத்துவாங்க. என் வீட்டுக்காரரு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி, கொஞ்சம் கொஞ்சமா மண்ணைப் போட்டு, திமிசுக்கட்டையால இடிச்சுக்கிட்டே கிடப்பாரு. கோடை கோடையா இடிச்சாரு, ஒரு செங்கல் வைக்கல. ஊரே சிரிச்சுது."

அப்படி இடித்துக் கெட்டிப்பட்ட மண்ணை என் ரோலர் ஒன்றும் செய்யாது. அது என் தொழில், எனக்குத் தெரியும்.

அத்தை உட்கார்ந்தபடியே திரும்பி, சுவரில் ஓங்கி ஒரு அறை அறைந்தாள்.

"பாவி மனுஷா, ஒரு மூலையிலயாவது ஏமாத்திக் கட்டியிருக்கக் கூடாதா?"