சிவப்பு மூடி, பச்சை மூடி

நாற்சந்தியில் முப்பது வருஷம் நின்ற டிராஃபிக் போலீஸ்காரன் நான். கையைத் தூக்கினால் லாரி நிற்கும். ஒருமுறை மழையே நின்றது. என் பேச்சுக்கு நிற்காத ஒரே ஆள் என் மனைவிதான்.

மறதி நோய் வந்து, என்னையும் மறந்து, அவள் தெருவில் இறங்கி நடக்க ஆரம்பித்ததும் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தேன். டப்பா மூடிகள் இரண்டு. சிவப்பைக் காட்டினால் நிற்கவேண்டும், பச்சைக்குப் போகலாம்.

"சிவப்பு!" என்பேன். வாசலிலேயே நின்றுவிடுவாள்.

"சார், வீட்ல அவர் தேடுவார். விட்டுடுங்க சார்."

"லைசென்ஸை எடும்மா."

சிரித்துக்கொண்டே வெறுங்கையை நீட்டுவாள். அதைப் பிடித்து உள்ளே அழைத்துவருவேன். வாசல் பக்கம் நான் பச்சை காட்டியதே இல்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில், "இனி எங்க கையில எதுவுமில்ல பெரியவரே" என்றார் டாக்டர். என் கையில் சிவப்பு மூடி இருந்தது. இரண்டு நாளாக அவள் முகத்துக்கு நேரே பிடித்திருந்தேன்.

கண்ணைத் திறந்தாள். "ரொம்ப நேரமா நிக்கிறேன் சார். கால் வலிக்குது."

ஆம்புலன்ஸை ஒரு நொடிகூட நிறுத்திவைக்காதவன் நான். பச்சையைத் தூக்கினேன்.

"ஏங்க, போய்ட்டு வரேன்" என்றாள்.

அந்த 'ஏங்க'வைக் கேட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது.