ஆறு மணிக்கு மேல்

“உள்ள போனதும் நீ வாயத் திறக்காத. எனக்குத்தான் வேலை போச்சு, உனக்காவது நிக்கட்டும்” என்றான் இஸ்திரிக்காரன்.

மனைவி தலையை மட்டும் ஆட்டினாள். அக்கம்பக்கத்தையே வாயடைக்க வைக்கிறவள், அவன் ஓவர்டைம் காசு கேட்டுப் புகார் கொடுத்த நாளிலிருந்து ஊமையாகிவிட்டாள். அவன் வேலை பார்த்த அதே சலவை ஆலையின் ஆபீஸில் பில் போடுகிறவள். பயம் இருக்காதா, பாவம் என்று நினைத்துக்கொண்டான்.

தொழிலாளர் அதிகாரியின் அறையில் மேனேஜர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். சாட்சிக்கு வருவதாகச் சத்தியம் செய்த கூட்டாளிகளில் ஒருவனையும் காணோம். இஸ்திரிக்காரன் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

“ஆறு மணிக்கு மேல எங்க ஆலையில ஒரு ஈ, காக்கா இருக்காது சார். டைம் கார்டைப் பாருங்க” என்றார் மேனேஜர்.

அதிகாரி புரட்டினார். எல்லாக் கார்டிலும் வெளியே போன நேரம் ஆறு மணி என்று முத்திரை.

“கார்டு எங்க கைக்கே வராது சார். ஆபீஸ்லயே அடிச்சிடுவாங்க. அதுக்கப்புறமும் நாங்க ஆஸ்பத்திரி விரிப்பெல்லாம் தேச்சுக்கிட்டு ஆவியில வெந்துக்கிட்டிருப்போம்.”

“அடிச்சது யாரு?”

“மேனேஜர்தான். வேற யாரு?”

மேனேஜர் சிரித்தார். “நான் அடிச்சதை இவர் பாத்தாரான்னு கேளுங்க சார்.”

அவன் பார்க்கவில்லை. புகார் கொடுப்பதற்கு முன்னால் மனைவியிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறான். “நான்தான் ஆறு மணிக்கே கெளம்பிடறேனே, எனக்கென்ன தெரியும்?” என்று எரிந்து விழுவாள்.

அதிகாரி பேனாவை மூடினார். “பரிதாபமாத்தான் இருக்கு. ஆனா சாட்சியே இல்லாம நான் என்ன பண்ண முடியும்? புகாரை முடிச்சிட வேண்டியதுதான்.”

வருஷக்கணக்கில் நாயாய் உழைத்ததெல்லாம் ஒரே நிமிஷத்தில் இல்லையென்றாகிவிட்டது. இஸ்திரிக்காரன் முதுகை நிமிர்த்த முடியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

மனைவி எழுந்திருக்கவில்லை.

மேனேஜரின் சிரிப்பு சட்டென்று நின்றது. “இந்தாம்மா, யோசிச்சுப் பேசு.”

“வேண்டாம், உன் வேலை போயிடும்” என்று இஸ்திரிக்காரன் அவள் தோளைத் தொட்டான்.

அவள் அவன் முகத்தைப் பார்க்காமலே அதிகாரியிடம் சொன்னாள்:

“மேனேஜர் சொன்னாருன்னு தெனமும் கார்டு அடிச்சது நான்தாங்க. இவரோட கார்டையும்.”