ஒன்று முதல் ஐந்து வரை

"மறுபடியும் எல்லாத்துக்கும் ஒண்ணா?"

ஜோஸ்லின் தாளை ஒருமுறை திருப்பியும் பார்த்தாள். நேரத்துக்கு வருவது, சொன்னதைக் கேட்பது, சுத்தம், வாடிக்கையாளரிடம் பேசுவது. எல்லாவற்றுக்கும் ஒன்று. இது மூன்றாவது வாரம்.

எதிரே நின்ற பதின்மூன்று வயது டெலேனி தன் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏதாவது உடைச்சியா?"

"இல்ல மிஸ்."

"எதிர்த்துப் பேசினியா?"

"கடைக்காரர் பேசறதே கம்மி. நான் எதை எதிர்த்துப் பேசறது?"

ஒன்டாரியோவின் அந்தச் சின்ன ஊர் நடுநிலைப் பள்ளியில் மொத்தமே நாற்பத்தொரு பிள்ளைகள். புதன்கிழமை என்றால் வகுப்பு கிடையாது. ஆளுக்கொரு கடை, பட்டறை என்று வேலை கற்கப் போய்விடுவார்கள். முதலாளிகள் வாராவாரம் மதிப்பெண் போட்டு அனுப்புவார்கள். மூன்று வாரம் தொடர்ந்து மோசமாக வந்தால், அந்தப் பிள்ளைக்கு அதற்குப் பிறகு புதன்கிழமையெல்லாம் நூலகம்தான்.

இந்த விதியைப் போட்டதும் மதிப்பெண் தாளைத் தயாரித்ததும் ஜோஸ்லின்தான். அவள் ஆசிரியையாகி இது இரண்டாவது வருடம்.

"என்னை நூலகத்துக்கு அனுப்பிடாதீங்க மிஸ். எனக்கு அந்த பேக்கரி பிடிச்சிருக்கு."

"இப்படி மார்க் போடறவர்கிட்டயா?"

"மார்க்தான் மோசம். மனுஷன் நல்லவர்."

அதுதான் ஜோஸ்லினுக்குப் பிடிபடவில்லை. அடுத்த புதன்கிழமை, டெலேனியை விலக்கும் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு பேக்கரிக்கே போனாள். கொடுப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் மூலையில் உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவு.

டெலேனி உருட்டி வைத்த ரொட்டிகளுக்கு மேல் முட்டை தடவினாள். யாரும் சொல்லாமலே மேசையைத் துடைத்தாள். ரொட்டி வெந்ததற்கான மணி அடிக்கும் முன்பே அடுப்புக்கு அருகில் போய் நின்றாள். ரொட்டி வாங்க வந்த முதியவரிடம், "போன வாரம் வாங்கினது முழுசா தீர்ந்ததா, இல்ல நாய்க்குப் போட்டீங்களா?" என்று கேட்டு அவரைச் சிரிக்க வைத்தாள்.

ஜோஸ்லினுக்குப் பொறுக்கவில்லை. கடைக்காரர் ஹார்ட்முட்டிடம் போனாள். அவர் ஜெர்மனியிலிருந்து இந்த ஊருக்கு வந்து இரண்டு வருடம் இருக்கும்.

"இந்தப் பொண்ணு மேல உங்களுக்கு என்ன கோபம்?"

"கோபமா? இவளை மாதிரி ஒருத்தி எனக்குக் கிடைச்சதே இல்ல."

"அப்புறம் ஏன் எல்லாத்துக்கும் ஒண்ணு போடறீங்க?"

அவர் விழித்தார். "வேற என்ன போடறது? ஒண்ணுக்கு மேல ஒசத்தி ஏது? எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல ஒண்ணு வாங்கினா வீட்டுல கேக் வெட்டுவாங்க. அஞ்சு வாங்கினா சாப்பாடு கிடைக்கறதே சந்தேகம்."

ஜோஸ்லின் பையிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தாள். 'ஒன்று முதல் ஐந்து வரை' என்று மட்டும்தான் இருந்தது. எது உயர்ந்தது என்று எழுத வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை.

டெலேனி தட்டோடு வந்து நின்றாள். "நூலகமா மிஸ்?"

"இல்லம்மா. நீ போய் அடுப்பைப் பாரு." கடிதத்தை நான்காக மடித்துக் கோட்டுப் பைக்குள் திணித்தாள்.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது.

"அப்போ... வெஸ்லி?"

போன பருவத்தில் இதே கடையில் வேலை கற்றவன். எல்லாவற்றுக்கும் ஐந்து. பள்ளியே கைதட்ட, 'சிறந்த உழைப்பாளி' பதக்கத்தை அவன் கழுத்தில் போட்டது ஜோஸ்லின்தான்.

ஹார்ட்முட் குரலைத் தாழ்த்தினார். "அவனா? ஒரு நாள்கூட நேரத்துக்கு வந்ததில்ல. ரெண்டு தட்டு ரொட்டியைக் கரியாக்கினான். சர்க்கரைக்குப் பதிலா உப்பைக் கொட்டினான். எங்க ஊர்ல ஆறு வரைக்கும் உண்டு. உங்க தாள் அஞ்சோட நின்னுட்டதால தப்பிச்சான்."

ஜோஸ்லினுக்கு முகம் சுண்டிவிட்டது. "இதை நான் பள்ளிக்கூடத்துல சொல்லியாகணும். பதக்கத்தைத் திருப்பி வாங்கணும்."

"எதுக்கு? பதக்கம் வாங்கின அந்தச் சனிக்கிழமையே, ஹாக்கிக்குப் போறதுக்கு முன்னாடி இங்க வேலைக்கு வந்து நின்னான். யாரும் கூப்பிடல. அன்னைலேருந்து ஒரு வாரம்கூடத் தவறல, ஒரு ரொட்டிகூடக் கருகல."

மாவு படிந்த கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"அவனுக்குப் போய் ஏன் பதக்கம்னு எனக்கும் முதல்ல புரியல டீச்சர். அப்புறம்தான் புரிஞ்சுது. எங்க ஊர்ல நல்லா வேலை செய்யறவனுக்குத்தான் பதக்கம். உங்க பள்ளிக்கூடத்துல, யாருக்கு அது தேவையோ அவனாப் பார்த்துக் குடுக்கறீங்க."