மூன்று கிலோ பேட்டரி

அமெச்சூர் ரேடியோ வைத்திருக்கும் பெர்னதெத் டீச்சர், குன்றின்மேல் தூக்கிப்போக ஒரு பேட்டரி வாங்க வந்திருந்தாள். கடைக்கார நைனார் லித்தியம் பேட்டரி ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"ஒரு கிலோகூட இல்ல. ரெண்டு மணி நேரத்துல சார்ஜ் ஆயிடும். கடைசி வரைக்கும் பவர் குறையாது டீச்சர்."

"கடைசியில?"

"டக்குனு நின்னுரும்."

அவள் அதைத் திருப்பி வைத்துவிட்டு, அலமாரியின் அடித்தட்டில் கிடந்த பழைய மாதிரி லெட் ஆசிட் பேட்டரியைக் காட்டினாள்.

"அதுவா? மூணு கிலோ கனம். சார்ஜ் ஏறப் பத்து மணி நேரம் ஆகும். தீரப்போகுதுன்னா அரைமணி முன்னாடியே பவர் தேய ஆரம்பிச்சிடும்."

"அதான் வேணும். அதுக்கான சார்ஜரும் குடுங்க."

பையில் இடம் பண்ண, உள்ளிருந்த குறிப்பேட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். போன புயலன்று குன்றின்மேல் ரேடியோவில் கேட்டு எழுதிய பக்கம் தானாகத் திறந்துகொண்டது. அன்று அவளிடம் இருந்தது லித்தியம்.

மூழ்கும் படகு, ஆறு பேர். அட்சரேகை பத்து பாகை, பதினேழு கலை. தீர்க்கரேகை எண்பது பாகை.

அதற்கடுத்து, கலைக்காகப் பேனா காத்துக்கொண்டிருந்த இடத்தில், மை ஊறி ஒரு நாணயம் அளவுக்குப் பரவியிருந்தது.