தராசுத் திருட்டு வழக்கு

கண்டி நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நின்ற தேயிலைத் தோட்டக் காவல்காரர் அழகமுத்துவை இராஜேஸ்வரி நேராகப் பார்த்தாள். கொழுந்து நிறுக்கும் தராசைத் தூக்கிக்கொண்டு காலை மழையில் ஓடிய பெண்ணைத் தான் கண்டதாக அவர் சற்றுமுன்தான் சாட்சி சொல்லி முடித்திருந்தார்.

“அவ முகத்தைப் பார்த்தீங்களா அண்ணே?”

“நல்லாப் பார்த்தேன்.”

“முதுகைத்தான் கண்டேன்னு பொலிஸ்ல சொல்லியிருக்கீங்களே?”

“அது... திரும்பினப்போ முகம் தெரிஞ்சிச்சு.”

“மழைக்கு என்ன போட்டிருந்தா?”

“கம்பளி. மூஞ்சி தெரியாம இழுத்து மூடியிருந்தா.”

“மூடின மூஞ்சி எப்படித் தெரிஞ்சிச்சு?”

அழகமுத்துவின் கண் பின்வரிசையில் இருந்த, கொழுந்து நிறுக்கும் கங்காணியிடம் ஓடியது.

“அங்க ஏன் பார்க்குறீங்க? இப்படிச் சொல்லச் சொன்னது யாரு?”

“கங்காணி ஐயாதான்! ‘நான் தராசுல எடை களவாடுறேன்னு மனு எழுதிப் போட்டிருக்கா, அவளை உள்ள தள்ளணும்’னாரு. நான் யாரையுமே காணல்லம்மா!”

மன்றம் சலசலத்தது. நீதவான் பேனாவைக் கீழே வைத்தார்.

“எதிரி விடுதலை.”

சிறைக்காவலர் குற்றஞ்சாட்டப்பட்டவர் நிற்கும் எதிரிக் கூண்டின் கதவைத் திறந்துவிட்டார். வக்கீல் வைக்க வழியில்லாமல், அதற்குள் நின்றபடியே தன் வழக்கைத் தானே பேசி முடித்த இராஜேஸ்வரி நிமிர்ந்து இறங்கி வந்தாள். ஹந்தானைத் தோட்டத்திலிருந்து வந்து வெளியே காத்திருந்த கொழுந்து பறிக்கும் பெண்கள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள்.

கூட்டத்தோடு கூட்டமாக நழுவப் பார்த்த கங்காணியை அவள் மறித்தாள்.

“நில்லுங்க கங்காணி! உங்ககிட்டயும் ஒரு கேள்வி இருக்கு. தராசு எங்க?”