நாற்பது நிமிஷப் பயணம்

"நாற்பதே நிமிஷம். கண்ணை மூடித் திறந்தா ஊர் வந்துடும்," என்று மனைவியின் கையைத் தட்டிக்கொடுத்தார் கணவர்.

விமானத்தின் ஜன்னலோர சீட்டில் இருந்த கணக்கு டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சார், தூரம் ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். ரெண்டே முக்கால் மணி நேரமாவது ஆகும். நாற்பது நிமிஷத்துல போறதுக்கு இது என்ன ராக்கெட்டா?"

நடுவில் இருந்த மனைவி மிரண்டுபோய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அது ரோட்டுக் கணக்குங்க," என்றார் அவர் அசராமல். "மேல வளைவு இல்ல, சிக்னல் இல்ல. தூரம் தானா குறைஞ்சிடும்."

மனைவி குனிந்து பெல்ட்டைத் தேடியபோது, அவள் முதுகுக்கு மேலாக எட்டிக் கிசுகிசுத்தார்.

"பொண்ணுக்குத் தலைப்பிரசவம். இவளுக்கு விமானம்னாலே குலை நடுங்கும். உண்மை தெரிஞ்சா இப்பவே இறங்கிடுவா. கொஞ்சம் கண்டுக்காதீங்க."

டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டார். தப்பான விடைக்கெல்லாம் தயங்காமல் முட்டை போட்டுப் பழகிய கை. துறுதுறுத்தது.

விமானம் கிளம்பியது. ஒலிபெருக்கியில் விமானி பயண நேரத்தைச் சொல்ல ஆரம்பித்தார். அவ்வளவுதான், கணவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. முன்வரிசைக் குழந்தை விழித்து அழுகிற அளவுக்கு இருமித் தீர்த்தார்.

"என்னங்க சொன்னாங்க?"

"வெளியில வெயில் நல்லா அடிக்குதாம்."

நாற்பது நிமிஷம் போயிற்று. ஊர் வரவில்லை. சாப்பாடுதான் வந்தது.

"ஏங்க, இன்னும் இறங்கலையே?"

"வந்தாச்சு. கீழ நிறுத்த இடம் காலியில்ல. அதான் சுத்திக்கிட்டு இருக்காங்க. நீ சாப்பிடு."

"வாட்ச்ல ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிடுச்சே?"

"மேல வந்தா வாட்ச் வேகமா ஓடும். காத்து கம்மி இல்ல?"

டீச்சருக்கு மூச்சு முட்டியது. கணக்கோடு அறிவியலையும் சேர்த்துக் கொல்கிறாரே மனுஷர்.

விமானம் லேசாகக் குலுங்கியது. மனைவி கணவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "நான் இருக்கேன்ல," என்று நெஞ்சை நிமிர்த்தினார் அவர். குலுக்கல் அடங்கியதும் எழுந்து, ராஜநடை போட்டு, கழிவறைப் பக்கம் போனார்.

டீச்சரால் இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"தப்பா நினைக்காதீங்கம்மா. உங்க வீட்டுக்காரர் வாயைத் திறந்தாலே பொய். பொண்டாட்டிக்கு ஒண்ணும் தெரியாதுன்னு இப்படியா ஏமாத்துறது? இன்னும் ஒன்றரை மணி நேரம் பாக்கி இருக்கு."

மனைவி நிதானமாக ஜூஸை உறிஞ்சினாள்.

"தெரியுங்க. டிக்கெட் எடுத்ததே நான்தானே."

"அப்புறம் எதுக்கு இந்த நடுக்கம்?"

"பயம் அவருக்குத்தாங்க. ஸ்டூல் மேல ஏறி பல்புகூட மாட்ட மாட்டார். பொண்ணு போன்ல 'அப்பா வந்தே ஆகணும்'னு அழறா. இவரு 'லீவு கிடைக்கல, நீ மட்டும் போ'ன்னு நழுவுறார். 'எனக்குப் பயமா இருக்கு, நீங்க இல்லாம ஏற மாட்டேன்'னு சொல்லிட்டேன். வீராதிவீரரா கிளம்பிட்டார். எனக்குத் தைரியம் சொல்ற மும்முரத்துல தன் பயத்தையே மறந்துட்டார், பாவம்."

சட்டென்று குரலைத் தாழ்த்தினாள்.

"அதோ வர்றார். இந்த ஜூஸைக் கொஞ்சம் பிடிங்க. நான் நடுங்கணும்."